ஊறுகாய் பாட்டிலில் வந்த தோல்

அந்தப் பாட்டில் என் மேசைமேல் இருந்தது. எலுமிச்சை ஊறுகாய் வாங்கிய பாட்டில். லேபிளைச் சுரண்டி எடுத்த பசைத் தடம் மட்டும் கண்ணாடியில் பாக்கியிருந்தது. மூடியைத் திருகினேன். ஊறுகாய் வாடை துளியும் வரவில்லை. எத்தனை முறை கழுவி வெயிலில் வைத்தார்களோ. உள்ளே, அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு, வெங்காயத்தின் மேல்சருகு போல மெல்லிய செதில்கள். ஆட்டினால் சத்தமில்லாமல் எழும்பி அடங்கின.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியின் தோல் அது. ஒரே வாரத்தில் உதிர்ந்தது.

நான் ஆய்வகத்தில் சேர்ந்த நாளோடு சென்ற வாரம் இந்தத் தொடரை நிறுத்தியிருந்தேன். அங்கே நீ என்னதான் செய்கிறாய் என்று நேராகச் சொல்லச் சொல்லி இரண்டு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அம்மாவும் ஆறு வருடமாக அதையேதான் கேட்கிறாள். கேட்டுக் கேட்டு அலுத்து, பக்கத்து வீட்டில், "எம் மவ பொடுகு ஆராய்ச்சி பண்ணுகா" என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

அந்தப் பாட்டிலை வைத்துச் சொல்கிறேன். அதைச் சொன்னால் நான் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும்.

கத்தரிக்கோல்கள்

நம் எல்லோருடைய தோலும் உதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. பாம்பு ஒரே மூச்சில் சட்டையைக் கழற்றுகிறது. நாம் யாருக்கும் தெரியாமல், தூசியாக, நாள் முழுக்கக் கழற்றுகிறோம். ஜன்னல் வெயிலில் மிதக்கும் தூசியில் நாமும் கொஞ்சம் உண்டு.

தோலின் மேலடுக்கில் செத்த செல்கள் ஓடு வேய்ந்தது போல அடுக்கியிருக்கின்றன. ஒன்றை ஒன்றோடு பிடித்து வைத்திருப்பவை புரதத்தால் ஆன தையல்கள். நேரம் வந்ததும் அந்தத் தையலை வெட்டிவிடுவது சில நொதிகளின் வேலை. அம்மாவிடம் நான் அவற்றைக் கத்தரிக்கோல் என்றுதான் சொல்லியிருக்கிறேன். மெதுவாக வெட்டினால் தோல் தடித்துப்போகும். வேகமாக வெட்டினால் உரிந்துபோகும். அளவாக வெட்ட உடம்பே ஒரு கடிவாளமும் வைத்திருக்கிறது.

சில குழந்தைகள் அந்தக் கடிவாளம் இல்லாமல் பிறந்துவிடுகிறார்கள். பிறந்த அன்றே சிவந்து உரிந்திருப்பார்கள். முடி மூங்கில் போலக் கணு வைத்து, சீப்பு பட்டால் ஒடியும். அந்த நோயின் பெயர் வாயில் நுழையாது, விட்டுவிடுகிறேன். மிக அரிதானது. அதனால் அதற்கென்று மருந்து தேடுகிறவர்களும் அரிது.

கத்தரிக்கோலின் வாயில் போய்ச் சிக்கி அதை வெட்டவிடாமல் நிறுத்தும் சிறு மூலக்கூறுகளைச் செய்வது என் வேலை. தடுப்பான்கள் என்று பெயர். அவை மருந்து ஆகிவிடாது. ஒரே மாதிரியான கத்தரிக்கோல்கள் தோலில் பல இருக்கின்றன. எது எந்தத் தையலை வெட்டுகிறது என்று அறிய, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். அப்படி அறிந்தால், என்றைக்காவது யாராவது அதிலிருந்து ஒரு மருந்துக்கு வழி கண்டுபிடிப்பார்கள்.

"என்றைக்காவது", "யாராவது" என்ற இரண்டு சொற்களையும் விட்டுவிட்டு நான் பேசிய ஒரு நாள் உண்டு.

செல்வியக்கா

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை இந்தத் தொடரில் பலமுறை எழுதிவிட்டேன். இன்னும் எழுதுவேன். அப்பா ஆரியசாலையில் மிளகாய் வத்தல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அம்மா அதே மண்டியின் பின்கட்டில் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிறவள். எங்கள் சந்தில் ரேஷன் கார்டு, பென்ஷன், பாஸ்போர்ட், எந்தப் படிவமானாலும் என்னிடம்தான் வரும். பத்து வயதிலிருந்து நிரப்புகிறேன். படிவம் நிரப்புவதில் எனக்கு நிகர் யாரும் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியின் தோல் பிரிவிலிருந்து என்னைக் கூப்பிட்டதும் அதற்காகத்தான். எங்கள் ஆய்வுக்கு அனுமதி கிடைத்து, அந்த நோய் உள்ள ஒரு பெண் குழந்தையும் அங்கே வந்திருந்தாள். குழந்தையின் அம்மாவுக்கு மலையாளம் தெரியவில்லை, படிவங்கள் மலையாளத்தில் இருக்கின்றன, தமிழில் சொல்லிக் கையெழுத்து வாங்கித் தர முடியுமா என்று கேட்டார் டாக்டர்.

அப்படித்தான் செல்வியக்காவைப் பார்த்தேன். களக்காடு பக்கத்து ஊர். மகளின் வைத்தியத்துக்காகக் குடும்பத்தோடு இங்கே பெயர்ந்து, ஆரியசாலையிலேயே, எங்கள் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளி இருந்தார்கள். கணவர் அரிசிக் கடையில் வேலை. செல்வியக்காவின் முந்தானை முழுவதும் மகளைச் சுற்றியிருந்தது. முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன. பெயர் இசக்கி.

உதிர்கிற தோலைச் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டபோது செல்வியக்கா டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வெளிச்சம் வருமுன்ன விரிப்ப உதறிருவேன் தங்கச்சி. யாரும் பாத்துரக் கூடாதுன்னு. அதையா கேக்கிய?"

"அதைத்தான்க்கா."

"அது குப்பைல்லா."

"எங்களுக்கு அது வேணும்க்கா."

அவர் மகளைப் பற்றிச் சொன்னார். ஊரில் ஒரு வருடம் பள்ளிக்கூடம் போனாளாம் இசக்கி. உட்கார்ந்து எழுந்த இடத்தில் செதில் கிடக்கிறது, மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பெற்றோர்கள் சேர்ந்து சொல்ல, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது ஒட்டாது, பிறவியில் வருவது என்று அன்று நான் சொன்னேன். அவர் தலையாட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை. பிறகு பெருவிரலை மையில் தொட்டு வைத்தார்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கேள்விகள். சோப்பு போடுவதுண்டா, களிம்பு, எண்ணெய், பவுடர், நாட்டு மருந்து. ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டு, அவர் சொன்னதை எழுதினேன். டாக்டர் கொடுத்த களிம்பு தவிர எல்லாவற்றுக்கும் இல்லை. அழகான கையெழுத்தில் எழுதினேன்.

இரண்டாவது பாட்டில்

சனிக்கிழமைதோறும் ஒரு பாட்டில். நானே போய் வாங்கிவருவேன். முதல் பாட்டிலில் செதில்களோடு போர்வை நூலும் முடியும் கலந்திருந்தன. ஆய்வகத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து இடுக்கியால் பொறுக்கினேன். அந்த எரிச்சலில், மறுநாள் காலை ஆய்வகம் போகும் வழியில் செல்வியக்கா வீட்டில் நின்று சொல்லிவிட்டேன்.

"நூலும் முடியுமா நெறைய கெடந்துதுக்கா. கொஞ்சம் பாத்து எடுத்தா நல்லது."

அவர் முகம் சிறுத்துவிட்டது. கவனித்தேன். கவனித்துவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டேன்.

இரண்டாவது பாட்டிலில் ஒரு நூல் இல்லை, ஒரு முடி இல்லை. செதில்கள் லேசாக மஞ்சள் ஓடியிருந்தன. தோல் செதில் அப்படியும் இருக்கும். நான் யோசிக்கவில்லை.

எங்கள் சோதனை எளிமையானது. செதில்களைக் கரைசலில் ஊறவைத்துச் சாறு எடுப்போம். கத்தரிக்கோல்கள் அந்தச் சாற்றில் உயிரோடு இருக்கும். அவை வெட்டினால் நீல ஒளி விடுகிற ஒரு பொருளை அதில் சேர்ப்போம். ஒளி கூடினால் கத்தரிக்கோல் வெட்டுகிறது. ஒளி குறைந்தால் நின்றுவிட்டது. முதல் பாட்டில் முழுவதையும், தடுப்பான் எதுவும் சேர்க்காமல், எவ்வளவு ஒளி வருகிறது என்று பார்ப்பதற்கே செலவழித்திருந்தேன். இரண்டாவது பாட்டிலின் சாற்றில் கொஞ்சம் மீதி வைத்துவிட்டு, மற்றதெல்லாவற்றிலும் நான் செய்த ஏழாவது தடுப்பானைச் சேர்த்தேன்.

ஒளி பாதிக்கும் கீழே விழுந்தது.

ஒரே பாட்டிலை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் சேர்த்தும் ஒன்றில் சேர்க்காமலும் பார்த்திருக்க வேண்டும். முதலாம் ஆண்டு மாணவிக்குத் தெரிகிற விஷயம். என் ஆய்வை வழிநடத்தும் மேடமும் கேட்டார்: "பகவதி, கண்ட்ரோல் எவிடெ?" ஒப்பிட்டுப் பார்க்க, தடுப்பான் சேர்க்காத மாதிரி எங்கே என்று. முதல் பாட்டில் இருக்கிறதே என்றேன். மாதிரி குறைவு, ஆண்டு மதிப்பீடு நெருங்கிக்கொண்டிருந்தது. சரி, அடுத்த பாட்டிலில் திருப்பிச் செய், இப்போதைக்கு ஸ்லைடு தயாராக்கு என்றார்.

அன்று மாலை கிழக்கேகோட்டையில் பஸ்ஸிலிருந்து இறங்கி நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே செல்வியக்கா வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். மேடத்துக்கு அது ஒரு எண். எங்கள் சந்துக்காரிகள் முன்னால், என் மொழி பேசுகிற ஒருத்தி முன்னால், நான் படித்த படிப்பு இதற்குத்தான் என்று நின்று காட்ட வேண்டும் போலிருந்தது.

"மருந்து கெடச்ச மாதிரிதான்க்கா" என்றேன்.

செல்வியக்கா கையெடுத்துக் கும்பிடவில்லை, அழவில்லை. உள்ளே போய், டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் துணிக்குக் கீழே மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துவந்தார். பக்கத்திலிருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் படிவம். எப்போதோ வாங்கி வைத்தது.

"அப்போ ஜூன்ல சேத்துரலாமா தங்கச்சி?"

"சேத்துரலாம்க்கா."

அந்தப் படிவத்தையும் நானே நிரப்பினேன். இசக்கி என் முழங்கையருகில் நின்று, தன் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அந்த இடத்தில் ஒரு செதில் விழுந்தது. அவளே ஊதித் தள்ளினாள்.

அம்மாவுக்காக ஒரு படம்

மதிப்பீட்டுக்கு இரண்டு நாள் இருக்கையில் எனக்கு ஒரு ஆசை. ஒளி கூடுவதையும் குறைவதையும் எண்களாகத்தான் கருவி காட்டும். அம்மாவுக்கு எண் தெரியாது. சோதனைக்குழாய்களை வரிசையாகப் புற ஊதா விளக்கின் கீழ் நிறுத்தி போனில் ஒரு படம் எடுத்தால், வெளிச்சமும் இருட்டுமாக அவளுக்கே புரியும். பொடுகு ஆராய்ச்சி என்பதை அதோடு நிறுத்துவாள்.

இரண்டாவது பாட்டிலில் மீந்திருந்த சாற்றைக் குழாய்களில் ஊற்றினேன். ஒன்றில் எல்லாம் சேர்த்தேன். ஒன்றில் வெறும் சாறு. அதில் ஒளிவிடும் பொருளும் இல்லை, தடுப்பானும் இல்லை. அது இருட்டாக இருக்க வேண்டும். வரிசையின் கடைசியில் இருட்டுக்கு உதாரணமாக நிற்க வேண்டிய குழாய் அது.

விளக்கைப் போட்டேன். அந்தக் கடைசிக் குழாய் பச்சையும் மஞ்சளுமாக எரிந்தது.

பிறகு குழாயை மூக்கருகில் கொண்டுபோனேன். ஆய்வகத்தில் செய்யக்கூடாத காரியம். கரைசலின் நெடிக்கு அடியில், மிக லேசாக, வெள்ளிக்கிழமைக் காலையில் எங்கள் வீட்டுக் குளியலறையில் வரும் வாசனை.

மஞ்சள்.

மஞ்சளுக்குத் தானாகவே ஒளிரும் குணம் உண்டு. அதைவிட மோசமான குணம், மற்றவற்றின் நீல ஒளியை விழுங்கிவிடுவது. என் ஏழாவது தடுப்பான் அணைத்ததாக நான் நினைத்த ஒளியை மஞ்சள்தான் தின்றிருந்தது.

எனக்கு அந்த வாசனை எப்படித் தெரியாமல் போயிற்று என்று இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை வெள்ளிக்கிழமைதோறும் அம்மா என் முகத்திலும் கையிலும் மஞ்சள் தேய்த்துத்தான் அனுப்புவாள். கல்லூரியில் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, பெஞ்சில் பக்கத்திலிருந்தவள் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "எந்தா, இன்னு கல்யாணமாணோ?" என்றாள், இன்றைக்குக் கல்யாணமா என்று. பின் வரிசை சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, இன்றும் அவள் என் சிநேகிதிதான். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவிடம் தலைவலி என்றேன். அதற்கடுத்த வாரம் நேரமாகிவிட்டது என்றேன். பிறகு அம்மா கேட்பதை விட்டுவிட்டாள். "படிச்ச பிள்ளேளுக்கு மஞ்ச வேண்டாம்" என்று அவளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்.

ஆகவே சோப்பு கேட்டேன், களிம்பு கேட்டேன், பவுடர் கேட்டேன். படிவத்தில் இருந்ததை எல்லாம் கேட்டேன். இல்லாத ஒன்றைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை, மேடம் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். சொன்னேன். அவர் கணினியைத் திறந்து, அந்த நான்கு ஸ்லைடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஒவ்வொன்றாக நீக்கினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆரோடெங்கிலும் பறஞ்ஞோ?" என்று கேட்டார். யாரிடமாவது சொன்னாயா என்று.

"இல்ல மேடம்."

அது இரண்டாவது தவறு. மேடத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் இதை எழுத உட்காரும் முன் அவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

களைந்த அரிசி

மதிப்பீடு நடந்தது. வெறும் ஆறு ஸ்லைடுகளோடு நின்று, கேட்ட கேள்விகளுக்குத் தலைகுனிந்து பதில் சொன்னேன். அது பெரிதாக வலிக்கவில்லை. எனக்கு வேறு ஒரு வாசல் பாக்கி இருந்தது.

பத்து நாள் போகவில்லை. அந்தச் சனிக்கிழமை பாட்டிலைக்கூட வாங்கப் போகவில்லை. காய்ச்சல் என்று போனில் சொன்னேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கஞ்சி குடியுங்கள் என்றார் செல்வியக்கா. பாட்டில் பத்திரமாக இருக்கிறதாம். பிள்ளைக்குப் பாவாடை சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாராம்.

யூனிஃபார்ம் தையலுக்குப் போய்விட்டது. மேலும் பொறுத்தால் அவள் அதைப் போட்டுவிடுவாள்.

மே மாதக் கடைசியில், மழைக்கு முந்தைய புழுக்கத்தில், ஒரு மாலை போனேன். செல்வியக்கா அடுக்களை வாசலில் குந்தி அரிசி களைந்துகொண்டிருந்தார். இசக்கி உள்ளே தரையில் காற்றாடிக்குக் கீழே படுத்திருந்தாள். வெக்கை அவளுக்கு ஆகாது.

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தெரியும்.

"செல்வியக்கா, மருந்து கெடச்சுதுன்னு சொன்னேன்லா. அது தப்பு. மருந்து இல்லக்கா."

அவர் கை நிற்கவில்லை. தண்ணீரை வடித்தார், வேறு தண்ணீர் ஊற்றினார்.

பாட்டிலில் மஞ்சள் இருந்ததையும், அது ஒளியைத் தின்றதையும் சொன்னேன்.

"மஞ்ச என்ன செய்யும்? நல்லதுல்லா?"

"நல்லதுதான்க்கா. ஆனா அந்தச் சோதனைக்கு ஆகாது."

"நூலு கெடக்கு, முடி கெடக்குன்னிய. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. காலேசுக்குப் போற சாமான். அழுக்கும் பிசுக்குமாவா கொடுத்துவிடன்னுதான், வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பிள்ளைய மஞ்ச தேச்சுக் குளிப்பாட்டி, புது விரிப்பு விரிச்சு, அதுலேர்ந்து எடுத்தேன்." தண்ணீரை வடித்தார். "சோப்பு கேட்டிய. களிம்பு கேட்டிய. மஞ்ச கேக்கலியே தங்கச்சி."

"கேக்கலக்கா. அது என் தப்பு."

களைந்த தண்ணீர் தெளிந்துவிட்டது. அவர் மேலும் களைந்துகொண்டிருந்தார். நாலாவது தண்ணீர், ஐந்தாவது தண்ணீர்.

உள்ளேயிருந்து இசக்கியின் குரல் வந்தது. தூங்குகிறாள் என்று நினைத்திருந்தோம்.

"அப்போ இனி மஞ்ச தேய்க்க வேண்டாமாம்மா?"

அவள் எழுந்து கதவருகே வந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"எரியும்க்கா. பாட்டிலுக்குத்தானன்னு அம்மா சொன்னா. அதான் சும்மா இருந்தேன்."

இந்த இடத்தில் நான் என்ன உணர்ந்தேன் என்று எழுத முயன்று இரண்டு முறை அடித்துவிட்டேன். உரிந்த தோலில் மஞ்சள் பட்டால் எப்படி எரியும் என்று மட்டும் எழுதுகிறேன். வெட்டுக்காயத்தில் உப்பு பட்டது போல எரியும். உடம்பு முழுக்க. ஆறு வெள்ளிக்கிழமைகள்.

செல்வியக்கா பானையைத் தள்ளி வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். மகளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. டிரங்குப் பெட்டி இருந்த மூலையைப் பார்த்தார். பள்ளிக்கூடப் படிவத்தை எடுத்துவந்து கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அது என் கையெழுத்தில் இருந்த படிவம். கிழித்தால் வாயைத் திறக்க எனக்கு உரிமை இல்லை.

"மருந்து இல்ல. சரி" என்றார். "மொத நாளு, இது ஒட்டாதுன்னு சொன்னிய. அதுவாது நெசமா?"

"நெசம்க்கா."

"நாளைக்கி வந்து, அதுவும் தப்புன்னு சொல்ல மாட்டியளே?"

"மாட்டேன்க்கா. அது மாறாது."

அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அப்போ ஸ்கூலுக்கு வந்து அதைச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாக."

ஜூன்

மழை பெய்துகொண்டிருந்தது. ஜூன் முதல் நாள் இந்த ஊரில் பெய்யாமல் இருந்தால்தான் அதிசயம். பள்ளிக்கூட வராந்தா முழுக்க நனைந்த குடைகள். இசக்கி முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். கழுத்துப் பொத்தான் வரை போட்டு, தலையில் ஒரு வெள்ளைத் துணி.

வகுப்பு டீச்சர் என்னிடம் டாக்டரா என்று கேட்டார். இல்லை, ஆராய்ச்சி செய்கிறேன், இதைப் பற்றித்தான் என்றேன். டாக்டரின் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, கடிதத்தில் எழுதியிருப்பதையே திரும்பக் கேட்டார்.

"இது பகருமா, ஒட்டிக்குமா? மற்றப் பிள்ளைகளோட அப்பா அம்மா வந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

"பகராது டீச்சர். தொட்டாலும் பகராது, அவ இருந்த எடத்துல இருந்தாலும் பகராது. யாராவது கேட்டா என் நம்பரைக் கொடுங்க. நான் வந்து சொல்றேன்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன எந்த முடிவையும் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை. எனக்கு முன்னால் பலர் பல வருடம் பார்த்து நிலைநிறுத்திய உண்மை அது. என் பங்கு அதில் ஒன்றும் இல்லை. அன்று அங்கே பயன்பட்டது அது ஒன்றுதான்.

மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். பக்கத்திலிருந்த பெண் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள். பிறகு பெஞ்சில் விழுந்திருந்த செதிலைப் பார்த்து, இது என்ன என்று கேட்டிருப்பாள் போலிருக்கிறது. வராந்தாவில் நின்ற எங்களுக்கு இசக்கியின் பதில்தான் கேட்டது.

"உதிரும். ஒட்டாது."

செல்வியக்கா வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டார். மழை நிற்கும்வரை அங்கேயே நின்றோம்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதமாட்டேன். இரண்டு பெற்றோர் வந்து கேட்டார்கள், நான் இரண்டு முறை போனேன். ஒருவர் கேட்டுக்கொண்டார், ஒருவர் மகளை வேறு பெஞ்சுக்கு மாற்றிக்கொண்டார். காய்ச்சலில் இசக்கி பத்து நாள் படுத்தாள். ஆனாலும் போய்க்கொண்டிருக்கிறாள்.

ஏழாவது தடுப்பானை ஒழுங்காக, ஒரே பாட்டிலை இரண்டாகப் பிரித்து, மறுபடி சோதித்தேன். நாங்கள் குறிவைத்த கத்தரிக்கோலை அது தொடவே இல்லை. வேறு ஒன்றைக் கொஞ்சம் தாமதப்படுத்தியது. எட்டும் ஒன்பதும் வீண். இப்போது பதினொன்றில் இருக்கிறேன். இந்த வரிசை எங்கே முடியும் என்று எனக்குத் தெரியாது. செல்வியக்கா கேட்டால் அதையே சொல்கிறேன். அவரும் சனிக்கிழமை தவறாமல் பாட்டில் தருகிறார்.

அந்தப் படிவத்தின் கேள்விகளில் இப்போது மஞ்சளும் உண்டு. மேடம் சேர்க்கச் சொன்னார். நான் வீட்டில் அம்மாவிடம் உட்கார்ந்து, வேறு என்னென்ன தேய்ப்பீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். கடலைமாவு, பயத்தமாவு, வேப்பிலை, பிள்ளைக்குத் திருஷ்டிக்கு இடும் மை. பாதி நாள் ஆயிற்று. "இதுக்கா மக்ளே இவ்வளவு படிச்சே?" என்றாள். ஆமாம்மா என்றேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பாட்டிலைச் செல்வியக்கா தரவில்லை. இசக்கிதான் யூனிஃபார்மோடு வந்து நீட்டினாள். பழைய ஊறுகாய் பாட்டில்தான். லேபிள் இருந்த இடத்தில் நோட்டுத் தாளைக் கிழித்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தாள். பென்சிலில், ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி அழுத்தி எழுதியிருந்தாள்.

மஞ்சள் இல்லை.

ஆய்வகத்தில் சாறு எடுத்து முடித்ததும் அந்தத் தாளை நனைத்துப் பிரித்து, உலர்த்தி, என் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் ஒட்டினேன். ஆறு வருடக் குறிப்பேடுகளில் தமிழில் இருக்கும் ஒரே வரி அது.